தாம்சன் சிறையும் நாற்பத்தெட்டுப் பேரும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

கியூபாவில் அமெரிக்க ராணுவம் நடத்தும் குவாண்டனாமோ சிறை பற்றிய தங்கள் கட்டுரையை வாசித்தேன். அங்கிருந்த கைதிகளை இல்லினாய் மாநிலத்தின் தாம்சன் சிறைக்கு மாற்ற ஒபாமா அரசு எடுத்த முயற்சி தோற்றதைப் பெரிய அநீதியாக எழுதியிருக்கிறீர்கள். அந்த ஆண்டுகளில் நான் சிகாகோவின் புறநகர் ஒன்றில் குடும்பத்துடன் வசித்தேன். எங்கள் அச்சத்தை நீங்கள் ஒரே வரியில் கடந்துவிட்டீர்கள். கடலுக்கு அப்பால் பத்திரமாக இருப்பவர்களை ஊர் நடுவே கொண்டுவருவதால் யாருக்கு என்ன லாபம்? குவாண்டனாமோவிலிருந்து கொண்டுவந்து நியூயார்க்கில் விசாரிக்கப்பட்ட கைலானியை 280க்கும் மேற்பட்ட குற்றச்சாட்டுகளில் ஒன்றைத் தவிர மற்ற எல்லாவற்றிலிருந்தும் ஜூரிகள் விடுவித்ததை ஏன் குறிப்பிடவில்லை?

இப்படிக்கு,
ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் குறையில் நியாயம் இருக்கிறது. குழந்தைகளோடு அங்கே வாழ்ந்தவர்களின் பயத்தை நான் ஒரு வரியில் தள்ளியிருக்கக் கூடாது. ஆனால் அந்தப் பயம் எதைப் பற்றியது என்பதைச் சற்று நின்று பார்க்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

தாம்சன், மிசிசிப்பி ஆற்றங்கரையில் அறுநூறு பேர் அளவில் வாழும் சிற்றூர்; தர்ப்பூசணிக்குப் பேர்போனது. 2001இல் சுமார் 14.5 கோடி டாலர் செலவில் 1,600 அறைகளுடன் அங்கே உயர்பாதுகாப்புச் சிறை ஒன்றைக் கட்டிய மாநில அரசு, அதை நடத்தப் பணமில்லாமல் ஏறக்குறைய காலியாகவே வைத்திருந்தது. 2009 டிசம்பரில் இருநூறு பேர் அளவிலான சாதாரணக் கைதிகள் மட்டுமே அங்கிருந்தனர். சிறை வந்தால் பிழைப்பு வரும் என்று எட்டு ஆண்டுகளாகக் காத்திருந்த ஊர் அது. அதனால்தான் மத்திய அரசு அதை வாங்கப்போகிறது என்ற அறிவிப்பை, சுவருக்குப் பக்கத்திலேயே வாழ்ந்த ஊராரில் பலர் வரவேற்றார்கள். மொன்டானாவின் ஹார்டின் நகரம்கூட, காலியாகக் கிடந்த தன் சிறையைத் தருவதாகத் தானே முன்வந்தது. மறுத்தவர்கள் அந்த மாநிலத்தின் மக்கள் பிரதிநிதிகள். எதிர்ப்பின் குரல் பெரும்பாலும் தொலைவிலிருந்துதான் வந்தது. அந்த ஆண்டு மே மாதமே, குவாண்டனாமோவை மூடுவதற்கான 8 கோடி டாலரைத் தர மாட்டோம் என்று செனட் 90க்கு 6 என்ற கணக்கில் வாக்களித்திருந்தது.

தப்பிவிடுவார்கள் என்ற அச்சத்துக்கு அந்நாட்டின் அனுபவத்தில் ஆதாரம் இல்லை. கொலராடோவின் ஃப்ளோரன்ஸ் சிறையில் 1993ஆம் ஆண்டு உலக வர்த்தக மையக் குண்டுவெடிப்பை நடத்திய ராம்சி யூசஃப் இருந்தார். செப்டம்பர் 11 சதியில் தண்டனை பெற்ற மூசாவி இருந்தார். காலணியில் குண்டு வைத்து விமானம் ஏறிய ரிச்சர்ட் ரீடும் இருந்தார். கான்கிரீட்டால் வார்த்த கட்டில், கான்கிரீட் மேசை, நான்கு அங்குல அகலமே உள்ள சன்னல் என்று அமைந்த அந்த அறைகளிலிருந்து இதுவரை ஒருவரும் தப்பியதில்லை. அந்தத் தனிமை மனிதர்களை என்ன செய்கிறது என்பது வேறு ஒரு கேள்வி. அது குறித்தும் எனக்குக் கடுமையான கருத்து உண்டு.

கைலானியை நான் விட்டுவிட்டது தவறுதான். 1998இல் நைரோபியிலும் தார் எஸ் சலாமிலும் அமெரிக்கத் தூதரகங்கள் தகர்க்கப்பட்டு 224 பேர் இறந்த வழக்கு அது. முக்கியமான ஒரு சாட்சியை, கைலானியை வற்புறுத்தி விசாரித்ததன் மூலமே அரசு கண்டுபிடித்தது என்பதால் நீதிபதி அந்தச் சாட்சியை அனுமதிக்கவில்லை. ஆகவே அந்தத் தீர்ப்பை நீதிமன்றத்தின் பலவீனம் என்று நான் படிக்க மாட்டேன். சித்திரவதை ஒரு வழக்கை எப்படிக் கெடுக்கும் என்பதற்கான சான்றாகவே படிக்கிறேன். நிரூபணமான அந்த ஒரு குற்றத்துக்கே அவருக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

இனி, நீங்கள் சுட்டாத, என் கட்டுரையின் பெரிய பிழைக்கு வருகிறேன். தாம்சனுக்கு மாற்றினாலே நீதி கிடைத்துவிடும் என்ற தொனியில் எழுதியிருந்தேன். அது சரியல்ல. ஒபாமா அமைத்த ஆய்வுக்குழு 240 கைதிகளின் கோப்புகளைப் படித்து 2010 ஜனவரியில் அறிக்கை தந்தது. அதில் 36 பேர் மீது வழக்குத் தொடரலாம் என்று சொல்லப்பட்டது. பெரும்பாலானவர்களை வேறு நாடுகளுக்கு அனுப்பலாம் என்று சொல்லப்பட்டது. ஆனால் 48 பேரை விடுவிக்கவும் முடியாது, அவர்கள் மீது வழக்குத் தொடரவும் முடியாது, எனவே தொடர்ந்து காவலில் வைக்க வேண்டும் என்றும் சொல்லப்பட்டது. குற்றப்பத்திரிகை இல்லை, விசாரணை இல்லை, விடுதலை நாளும் இல்லை. தாம்சனுக்குப் போயிருக்கக்கூடியவர்களில் இவர்களும் அடங்குவர். குவாண்டனாமோவை எதிர்த்துப் பல ஆண்டுகள் வழக்காடிய மனித உரிமை வழக்கறிஞர்கள் பலரும் அந்தத் திட்டத்தைக் கண்டித்தது இதனால்தான். அவர்கள் சொன்னதை அப்போதே நான் கவனித்திருக்க வேண்டும்.

கடலுக்கு அப்பால் 'பத்திரமாக' என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தச் சொல்லைப் படித்தபோது குவாண்டனாமோவில் அடைக்கப்பட்டிருந்த சீனாவின் உய்குர் இனத்தவர் நினைவுக்கு வந்தார்கள். எதிரிப் போராளிகள் அல்லர் என்று அரசே ஏற்றுக்கொண்ட 17 பேரை அமெரிக்க மண்ணில் விடுவிக்கும்படி 2008 அக்டோபரில் வாஷிங்டன் நீதிபதி ஒருவர் உத்தரவிட்டார்; மேல்முறையீட்டில் அது ரத்தானது. அவர்களில் நால்வரை 2009 ஜூனில் பெர்முடா ஏற்றுக்கொண்டது. அமெரிக்கா தன் மண்ணில் கால்வைக்க விடாத அந்த மனிதர்கள், பெர்முடாவின் கோல்ஃப் மைதானம் ஒன்றில் புல்தரையைப் பராமரிக்கும் வேலைக்குப் போனார்கள். கடைசி மூவர் ஸ்லோவாகியாவுக்கு அனுப்பப்படும்போது 2013 டிசம்பர் ஆகிவிட்டது. ஏறத்தாழ பன்னிரண்டு ஆண்டுகள், நண்பரே.

தாம்சன் சிறையை மத்திய அரசு 2012இல் 16.5 கோடி டாலருக்கு வாங்கியது. குவாண்டனாமோ கைதிகள் எவரும் அங்கே வரமாட்டார்கள் என்ற உறுதிமொழியோடு. அதற்கு முன்பே, அவர்களை அமெரிக்காவுக்குள் கொண்டுவர ராணுவ நிதியைப் பயன்படுத்துவதை நாடாளுமன்றம் சட்டம் போட்டுத் தடுத்துவிட்டது. விசாரணைக்காகக்கூட அழைத்துவர முடியாது என்பதே அந்தத் தடையின் பொருள்.

யாருக்கு என்ன லாபம் என்று கேட்டிருந்தீர்கள். வழக்கு உள்ளவர்களை அங்கே கொண்டுவந்திருந்தால், தூதரகக் குண்டுவெடிப்பில் உறவுகளை இழந்தவர்களுக்குக் கிடைத்ததுபோல, செப்டம்பர் 11இல் உறவுகளை இழந்தவர்களுக்கும் ஒரு தீர்ப்பு கிடைத்திருக்க வாய்ப்பு உண்டு. 2025 ஜனவரியில் குவாண்டனாமோவில் 15 பேர் எஞ்சியிருந்தனர். அவர்களில் ஆறு பேர் மீது அன்றுவரை எந்தக் குற்றச்சாட்டும் பதிவாகவில்லை. செப்டம்பர் 11 தாக்குதலின் சூத்திரதாரி என்று குற்றம்சாட்டப்பட்ட காலித் ஷேக் முகமதின் வழக்கு விசாரணையும் அன்றுவரை தொடங்கவில்லை.

அன்புடன்,
ஆசிரியர்