ஏழு கடற்கரையா, இரண்டு கரையா?

கேள்வி: பள்ளி விடுமுறையில் குடும்பத்தோடு லட்சத்தீவின் அகத்திக்கு நான்கு நாள் போகிறோம். 'அகத்தியின் தலைசிறந்த ஏழு கடற்கரைகள்' என்று யூடியூபில் ஒருவர் பட்டியல் போட்டிருக்கிறார். எல்லாவற்றுக்கும் நேரமில்லை. எந்த மூன்றைப் பார்த்தால் போதும்? ஞாபகத்துக்குக் கொஞ்சம் பவளத் துண்டு எடுத்து வரலாமா?
- வாசகர், களியக்காவிளை

பதில்: மூன்றும் வேண்டாம், ஏழும் வேண்டாம். அகத்தி ஏறக்குறைய 7 கிலோமீட்டர் நீளம். அகலமான இடத்திலேயே ஒரு கிலோமீட்டர்தான். உங்கள் ஊரிலிருந்து மார்த்தாண்டத்துக்குப் பஸ் ஏறுகிற தூரம். சுற்றிலும் இருப்பது ஒரே மணல். அதை ஏழாக வெட்டியது பட்டியல் போட்டவர்.

ஆனால் கரை இரண்டு உண்டு. பிள்ளைகளோடு போகிறவர் முதலில் கேட்டிருக்க வேண்டியது இதைத்தான். மேற்கே பவளப்பாறை வேலி அலையைத் தூரத்திலேயே உடைத்துவிடுகிறது. வேலிக்கு உள்ளே அடங்கிக் கிடக்கும் ஆழம் குறைந்த நீரைத்தான் லகூன் என்கிறார்கள். பிள்ளைகள் குளிக்க வேண்டிய இடம் அது. கிழக்கே அப்படியில்லை, திறந்த கடல் பக்கத்திலேயே வந்துவிடும். சூரியோதயத்துக்கு அங்கே போங்கள், மணலில் உட்காருங்கள், தண்ணீரில் இறங்காதீர்கள். உங்கள் விடுமுறை ஏப்ரல், மே. நம் கடப்புறத்தார் கள்ளக்கடல் என்று சொல்லும் பேரலை அதிகம் வருகிற மாதங்கள் அவை. எங்கோ தெற்குப் பெருங்கடலில் அடித்த புயலின் அலை, இங்கே காற்றே இல்லாத நாளில் வந்து கரையேறும். 2024 மே 6 அன்று கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்களை நாம் இழந்தது அப்படித்தான். எனவே கிளம்பும் நாளிலும் தங்கும் நாட்களிலும் கடல் எச்சரிக்கையைப் பாருங்கள்.

இடம் மாறி மாறி ஓடுவதைவிட, ஒரே இடத்துக்கு வெவ்வேறு நேரத்தில் போங்கள். கடல் ஏற்றத்தில் பார்த்த லகூனை, நீர் இறங்கும் வற்றத்திலும் பாருங்கள். நிறம் வேறு, உயிர்கள் வேறு. மணலையும் கையில் அள்ளிப் பாருங்கள். நம் மணவாளக்குறிச்சியின் கறுப்பு மணல் மலையிலிருந்து ஆறு இறக்கிக் கொடுத்தது. அகத்தியில் மலையும் இல்லை, ஆறும் இல்லை. செத்த பவளமும் சிப்பியும் பொடிந்த மணல் அது. கிளியின் அலகு போன்ற வாயுள்ள மீன்கள் பாறையைக் கொறித்துக் கழிப்பதும் அதில் சேர்கிறது. தீவே அப்படி உண்டானதுதான்.

இப்போது உங்கள் இரண்டாவது கேள்வி. ஒரு துண்டுகூட எடுக்கக் கூடாது. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், 1972-இன்படி பவளம் புலியைப் போலக் காக்கப்பட்ட உயிர். சட்டத்துக்காக மட்டும் சொல்லவில்லை. 1998, 2010, 2016, 2024 என்று கடல் சூடேறிய ஆண்டுகளில் அங்கே பவளம் வெளுத்தது, பெருமளவு செத்தது. வேலி தளர்ந்தால் அலை நேரே மணலுக்கு வரும். லட்சத்தீவிலேயே பங்காரம் தீவை ஒட்டிய பரளி என்ற ஆளில்லாத சிறு தீவு ஒன்று அரித்து அரித்து முழுவதுமாக மறைந்தேவிட்டது. பிள்ளைகள் பாறை மேல் ஏறி நிற்பதையும் தடுத்துவிடுங்கள். மிதித்தாலே அது சாகும். ஷவரைத் திறந்துவிட்டுக் குளிக்கவும் வேண்டாம். மணலுக்கு அடியில், உப்புநீரின் மேல் மெல்லிய படலமாக மிதக்கும் மழைநீர்தான் அந்த ஊரின் கிணற்று நீர்.

மிச்ச நேரத்தில் ஊருக்குள் நடங்கள். அவர்கள் பேசுவது ஜசரி, மலையாளத்தின் ஒரு வகை. கேரள எல்லையில் வளர்ந்த உங்களுக்குச் சீக்கிரம் காது பழகிவிடும். எந்த ஊர் என்று கேட்டால் குமரி மாவட்டம் என்று சொல்லுங்கள். 2017 ஒக்கிப் புயலில் தூத்தூர், வள்ளவிளைப் பக்கத்துப் படகுகள் எத்தனையோ கரை திரும்பவே இல்லை. பிழைத்தவர்களில் பலர் லட்சத்தீவின் கரைகளில் ஒதுங்கியவர்கள். அந்தக் கரைக்குத்தான் நீங்கள் போகிறீர்கள்.

நுழைவு அனுமதி இல்லாமல் அங்கே இறங்க முடியாது. அதற்கு இந்த வாரமே விண்ணப்பியுங்கள். மே பாதிக்கு மேல் நாள் குறிக்காதீர்கள். தென்மேற்குப் பருவக்காற்று தொடங்கிவிட்டால் அங்கே கப்பலிலிருந்து படகுக்கு இறங்குவதே பெரும்பாடு.