டேப்லெட்டில் கோடு ஏன் கோணுகிறது? கேள்வி-பதில்

கணினியில் இணைத்துப் பேனாவால் வரையும் டேப்லெட்டில் பழகுகிறவர்கள் கேட்டவற்றில், நேர்கோடு பற்றிய கேள்விகளை மட்டும் இந்த முறை எடுத்துக்கொண்டேன்.

காகிதத்தில் நேராக வரும் கோடு டேப்லெட்டில் நெளிகிறது. குறை என் கையிலா, டேப்லெட்டிலா?

அதைத்தான் முதலில் கண்டுபிடிக்க வேண்டும். வரையும் மென்பொருளில் ஸ்மூத்திங்கை (கோட்டைத் தானாக வழவழப்பாக்கும் வசதியை) அணைத்துவிடுங்கள். மெல்லிய பிளாஸ்டிக் ஸ்கேல் ஒன்றை டேப்லெட் மேல் சாய்வாக வைத்து, அதன் ஓரமாகப் பேனாவை மிக மெதுவாக இழுங்கள். (பல டேப்லெட்டுகள் பேனாவை மின்காந்த முறையில் கண்டறிகின்றன. அதனால் உலோக ஸ்கேல் வேண்டாம்.) ஸ்கேலை ஒட்டி இழுத்தும் கோடு அலை அலையாக விழுந்தால் அது சென்சாரின் நடுக்கம். சாய்வுக் கோட்டை மெதுவாக இழுக்கும்போதுதான் இது நன்றாகத் தெரியும். கிடைக்கோட்டில் சோதித்துவிட்டு 'டேப்லெட் சரிதான்' என்று முடிவு கட்டிவிடாதீர்கள்.

கோடு நேராக வந்தால் பழக வேண்டியது கைதான். மணிக்கட்டை ஊன்றி இழுத்தால் கை ஒரு வில்லைத்தான் வரையும். நீளக் கோடுகளுக்கு முழங்கையையும் தோளையும் அசையுங்கள். பேனாவைத் தொடவிடாமல் அதே பாதையில் இரண்டு முறை ஓட்டிப் பார்த்துவிட்டு, மூன்றாவது முறை சற்று வேகமாக இழுங்கள். கண் கர்சரில் இருக்கக் கூடாது. கோடு போய்ச் சேர வேண்டிய புள்ளியில் இருக்கட்டும். அப்புறம், எந்தத் திசை உங்கள் கைக்கு எளிதோ அந்தத் திசைக்குக் கேன்வாஸைத் திருப்பிக்கொள்ளுங்கள். போட்டோஷாப்பில் ஆர் விசை, கிரிட்டா என்ற வரைதல் மென்பொருளில் 4, 6 விசைகள். கிரிட்டாவில் 5 அழுத்தினால் பழைய நிலை.

பலர் கவனிக்காத இன்னொன்று ஜூம். 25% அளவில் வரைந்தால் திரையில் ஒரு பிக்சல் நடுக்கம் படத்தில் நான்கு பிக்சலாகப் பதியும்.

ஷிஃப்ட் பிடித்து இரண்டு புள்ளிகளைத் தொட்டால் கோடு நேராகத்தான் வருகிறது. ஆனால் ஒரு முனை முடிபோல மெலிந்துவிடுகிறது. ஏன்?

மவுஸ் கிளிக்குக்கு அழுத்தம் கிடையாது, பேனாவுக்கு உண்டு. முதல் புள்ளியை லேசாகத் தொட்டு அடுத்ததை அழுத்தினால் அந்த வித்தியாசம் கோட்டின் தடிமனில் தெரியும். சீரான கோடு வேண்டுமென்றால், அழுத்தத்துக்கு ஏற்ப அளவு மாறாத பிரஷ் ஒன்றைத் தனியாகச் சேமித்து வைத்துக்கொள்ளுங்கள். போட்டோஷாப்பில் பிரஷ் செட்டிங்ஸில் ஷேப் டைனமிக்ஸுக்குப் போய், அளவுக்கான கன்ட்ரோலை 'ஆஃப்' என்று வைத்தால் போதும்.

இரு முனையும் கூர்ந்து நடுவில் தடித்த கோடு வேண்டுமா? போட்டோஷாப்பிலேயே, அழுத்தத்துக்கு ஏற்ப அளவு மாறும் பிரஷை எடுத்துக்கொண்டு, பென் டூலால் பாதை போட்டு, 'ஸ்ட்ரோக் பாத்' கொடுக்கும்போது 'சிமுலேட் பிரஷர்' என்பதை டிக் செய்யுங்கள். கிம்ப் என்ற மென்பொருளில் ஷிஃப்டுடன் கன்ட்ரோல் விசையையும் சேர்த்துப் பிடித்தால் கோடு 15 பாகைப் படிகளில் மட்டும் திரும்பும். கட்டம், சட்டகம் வரைய அருமையான வசதி.

ஸ்மூத்திங்கை 100-இல் வைத்தே வரையலாமா?

வரையலாம், ஆனால் நான் பரிந்துரைக்க மாட்டேன். அது கையின் நடுக்கத்தைச் சராசரியாக்குகிறதே தவிர, கோட்டை நேராக்குவதில்லை. வில்லாக இழுத்தால் வழவழப்பான வில்தான் கிடைக்கும். கோடும் பேனாவுக்குப் பின்தங்கி வரும், மூலைகள் மழுங்கும். 10-இல் தொடங்கி, தேவைக்கு மட்டும் கூட்டுங்கள்.

விண்டோஸில் பேனாவை வைத்ததும் ஒரு வட்டம் தோன்றுகிறது. கோடு தாமதமாகத் தொடங்குகிறது.

பேனாவை அழுத்திப் பிடித்தால் வலது கிளிக் என்று விண்டோஸ் எடுத்துக்கொள்கிறது. பேனா அமைப்புகளில் அந்த 'பிரஸ் அண்ட் ஹோல்ட்' வசதியை அணைத்துவிடுங்கள்.

45 பாகையில் இழுத்தால் கோடு வேறு கோணத்தில் விழுகிறது. வட்டமும் முட்டை வடிவில் வருகிறது.

டேப்லெட்டின் நீள-அகல விகிதமும் திரையின் விகிதமும் பொருந்தவில்லை. டிரைவரில் விகிதத்தைக் காக்கும் தேர்வு இருக்கும்; வேக்கம் நிறுவன டேப்லெட்டில் அதன் பெயர் 'ஃபோர்ஸ் ப்ரொபோர்ஷன்ஸ்'. டேப்லெட்டின் ஓரத்தில் கொஞ்சம் இடம் பயன்படாமல் போகும். போகட்டும், கை கற்றுக்கொள்ளும் கோணம் பொய்யாகிவிடக் கூடாது.

கட்டிடம் வரைகிறேன். எல்லாக் கோடுகளும் ஒரே மறைபுள்ளியில் (தொலைவில் கோடுகள் ஒன்றுசேர்வதுபோலத் தெரியும் புள்ளியில்) போய்ச் சேர வேண்டும். எப்படி?

கிரிட்டாவில் அசிஸ்டென்ட் டூலில் 'வானிஷிங் பாயின்ட்' ஒன்றை வையுங்கள். பிறகு பிரஷ் தேர்வுகளில் 'ஸ்நாப் டு அசிஸ்டென்ட்ஸ்' போட்டுவிட்டால் கோடு தானாக அந்தப் புள்ளியை நோக்கி ஓடும். அழுத்தமும் வேலை செய்யும், அதனால் கையால் போட்ட உயிர் கோட்டில் இருக்கும். கிம்பில் வேறு வழி: புதிய லேயரில் (படத்தின் மேல் வரும் தனி அடுக்கில்) மறைபுள்ளியை ஒரு முறை தொட்டு, ஷிஃப்டுடன் கட்டிடத்தின் மூலையைத் தொடுங்கள். மீண்டும் மறைபுள்ளி, மீண்டும் அடுத்த மூலை. இப்படி விசிறிபோல வழிகாட்டிக் கோடுகள் விரிந்ததும் அந்த லேயரின் ஒப்பாசிட்டியை (அடர்த்தியை) 20% ஆக்கி, மேலே இன்னொரு லேயரில் உண்மையான கோடுகளைப் போடுங்கள்.