தோணிக் கூரைக்கு 'நானோ சோலார்' வாங்கலாமா?

வணக்கம் தம்பி. வாழைச்சேனையில் உங்கள் தோணியின் வளைந்த கூரையில் ஒட்ட, 'நானோ சோலார்' என்று ஒருவர் மலிவாக விற்கும் தகட்டை வாங்கலாமா என்று கேட்டிருந்தீர்கள்.

முதலில் அதைக் கிட்ட வைத்துப் பாருங்கள். கறுப்புக் கட்டங்களும் மெல்லிய வெள்ளிக் கோடுகளும் தெரிந்தால் பெரும்பாலும் அது வழக்கமான சிலிக்கன்தான். கண்ணாடிக்குப் பதில் பிளாஸ்டிக். கொஞ்சம்தான் வளையும், கூட வளைத்தால் கண்ணுக்குத் தெரியாமல் உள்ளே வெடிப்பு விழும்.

உண்மையான புதுவகை பெரோவ்ஸ்கைட் என்ற ஒருவகைப் படிகப் பொருளில் செய்வது. அதை மைபோலப் பிளாஸ்டிக் தாளில் பூசலாம். ஒளியை உறிஞ்சும் படலம் ஒரு மைக்ரோமீற்றர், அதாவது மில்லிமீற்றரில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவுதான், அதனால்தான் வளைகிறது, செலவும் குறையும். வெயிலை மின்சாரமாக்கும் திறன் 2009இல் 3.8 சதவீதமாக இருந்தது, இன்று ஆய்வுகூடத்தில் 25ஐத் தாண்டிவிட்டது. எனக்கு இதில் பெரிய நம்பிக்கை உண்டு. ஆனால் ஈரமும் சூடும் அதற்கு எமன். பெரும்பாலானவற்றில் ஈயமும் இருக்கிறது. வாவிக் காற்றுக்கு இப்போதைக்கு வேண்டாம்.

இரண்டு லைட், ஒரு போன் சார்ஜ் தானே? சட்டம் போட்ட சிறிய கண்ணாடித் தகடே போதும். வளைவதுதான் வேண்டுமென்றால் இடிஎஃப்இ (ETFE) என்ற, வெயில் தாங்கும் பிளாஸ்டிக் மேற்பூச்சு உள்ளதாகக் கேளுங்கள். பெட் (PET) என்ற சாதாரண பிளாஸ்டிக் பூச்சு வெயிலில் மஞ்சளாகும். அப்புறம், கூரையோடு ஒட்டிவிடாமல் அடியில் காற்றுப் போக இடம் விடுங்கள்.