சுருட்டி எடுத்துச் செல்லும் போர்க்கள விரிப்பு: கேள்வி பதில்

மினியேச்சர் படைகளை நகர்த்தி ஆடும் மேசை ஆட்டங்களுக்கு, கேன்வாஸ் துணிமேல் மண்தரை உருவாக்குவது பற்றி வந்த கேள்விகளும் அவற்றுக்கான பதில்களும்.

கே: 6×4 அடி விரிப்புக்கு என்னென்ன, எவ்வளவு வாங்கணும்?

ப: 183×122 செ.மீ. என்றால் பரப்பு சுமார் 2.2 சதுர மீட்டர். 1 மி.மீ. கனத்துக்குப் பூச 2.2 லிட்டர் கலவை (சீலண்ட், பெயிண்ட், மணல்) போகும். 300 மி.லி. அக்ரிலிக் சீலண்ட் (இடைவெளி அடைக்கும் பசை) குழாய் 6, நீரில் கரையும் பழுப்பு அக்ரிலிக் பெயிண்ட் 300 மி.லி., சலித்த நைஸ் மணல் அரை லிட்டருக்குள். துணி, சதுர மீட்டருக்கு 300 கிராம் அளவிலான பருத்திக் கேன்வாஸ். நான்கு பக்கமும் 5 செ.மீ. கூடுதலாக விட்டு வெட்டுங்கள். முதல் முறை என்றால் 3×3 அடியில் பழகுங்கள். அதற்கு 2 குழாய், 100 மி.லி. பெயிண்ட், ஒரு டம்ளர் மணல் போதும்.

கே: சிலிகான் சீலண்ட் மிச்சம் இருக்கு. அதையே போடலாமா?

ப: கூடாது. சிலிகான்மேல் பெயிண்ட் ஒட்டாது, நீர்ப் பெயிண்டோடு கலக்கவும் கலக்காது. 'மேலே பெயிண்ட் அடிக்கலாம்' என்று குழாயில் போட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

கே: அண்ணா, காய்ந்ததும் துணி அலை அலையாகச் சுருங்கிப்போச்சு. எங்கே தப்பு?

ப: பிடிமானம் இல்லாமல் பூசியிருப்பீர்கள். ஈரம் பட்ட பருத்தி சுருங்கும். சீலண்டும் நீர் வற்ற வற்றச் சுருங்கித் துணியை இழுக்கும். முதலில் துணியைத் துவைத்து இஸ்திரி போடுங்கள். பிளைவுட் பலகையில் பாலிதீன் தாள் விரித்து, அதன்மேல் துணியை இழுத்து, ஒவ்வொரு பக்கத்திலும் நடுவிலிருந்து மூலை நோக்கி 10 செ.மீ.க்கு ஒரு ஸ்டேப்பிள் அடியுங்கள். பாலிதீனை விட்டுவிட்டால் கசியும் கலவை துணியைப் பலகையோடு ஒட்டிவிடும், பிறகு பிய்த்துதான் எடுக்க வேண்டும். பூசியபின் 48 மணி நேரம் கழற்றக் கூடாது. இப்போது சுருங்கிப்போனதைப் பின்புறம் லேசாக நீர் தெளித்து மறுபடி இழுத்து அடித்தால் ஓரளவு படியும். முழுக்கச் சரியாகாது.

கே: கலக்கிக்கொண்டிருக்கும்போதே இறுகுகிறதே?

ப: ஆறு குழாயையும் ஒரே வாளியில் பிதுக்கினால் அப்படித்தான். அரை மணி நேரத்துக்குள் மேலே தோல் கட்டும். ஒரு குழாய்க்கு மேல் ஒரு தடவையில் கலக்காதீர்கள்; பெயிண்ட் முதலில், மணல் பிறகு. பட்டித் தகட்டால் துணியின் இழைக்குள் இறங்கும்படி அழுத்தித் தேய்த்து, நனைந்த ஸ்பாஞ்சால் ஒற்றினால் மண்ணின் சொரசொரப்பு வரும். பாதை வேண்டிய இடத்தில் ஈர விரலால் நீவிவிடுங்கள். பழைய பொம்மை வண்டிச் சக்கரத்தை ஈரத்திலேயே உருட்டினால் வண்டித் தடம் தயார். மேடுகள் 2 மி.மீ.யைத் தாண்ட வேண்டாம், பொம்மைகள் சாய்ந்து விழும். ஒவ்வொரு கலவைக்கும் நிறம் சற்று மாறும். கவலை வேண்டாம், காய்ந்தபின் வெளிர் மணல் நிறத்தில் ட்ரை பிரஷ் செய்தால் (தூரிகையில் பெயிண்டைப் பெரும்பாலும் துடைத்துவிட்டு மேடுகள்மேல் லேசாகத் தேய்த்தால்) மறைந்துவிடும்.

கே: சுருட்டினால் வெடிக்கிறது.

ப: மணல் அதிகம், அல்லது கலவையில் வெள்ளை மரப்பசையோ சுவர்ப் பட்டியோ சேர்ந்திருக்கிறது. அவை காய்ந்தால் வளையாது. மணல் மொத்தக் கலவையில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. இன்னொன்று, சுருட்டும் விதம். 10 செ.மீ. விட்டமுள்ள குழாய்மேல், மண் பூசிய பக்கம் வெளியே இருக்கும்படி சுருட்டுங்கள். உள்பக்கமாகச் சுருட்டினால் விரித்ததும் ஓரங்கள் மேலே எழும்பி நிற்கும்.

கே: ஆற்றுக்கு எபாக்சி ரெசின் ஊற்றலாமா?

ப: பலகையில் ஊற்றலாம், சுருட்டும் துணியில் உடையும். கரும்பச்சை பூசி, பளபளப்பான அக்ரிலிக் ஜெல்லை மூன்று மெல்லிய பூச்சாகக் கொடுங்கள். பளபளப்பான பரப்பு வெப்பத்தில் துணியோடு ஒட்டிக்கொள்ளும் என்பதால் அந்த இடத்தில் மட்டும் பட்டர் பேப்பர் வைத்துச் சுருட்டுங்கள்.

கே: புல் மாதிரி தெரியத் தூவிய புல்தூள் கொட்டிக்கொண்டே இருக்கு சார்.

ப: மேட் மீடியம் (பளபளக்காத, நிறமில்லாத அக்ரிலிக் பசை) 1 பங்கு, நீர் 3 பங்கு, ஒரு சொட்டுப் பாத்திர சோப்பு. தெளிப்பானில் ஊற்றி நன்றாக நனையும்படி அடியுங்கள். சோப்பு இல்லாவிட்டால் நீர் முத்து முத்தாக நின்று தூளையே இழுத்துக்கொண்டு வரும். 2 மி.மீ.க்கு மேல் நீளமான புல் எப்படியும் படுத்துவிடும், வாங்காதீர்கள்.

கே: கடைசியில் எவ்வளவு எடை வரும்?

ப: 6×4 அடி, சுமார் 4 கிலோ.