ஹெல்மெட் இன்டர்காம்: வால்யூம் முழுக்க வைத்தும் ஏன் கேட்கவில்லை?

கேள்வி: அண்ணா, பைக் ஓட்டும்போது பாட்டு கேட்கவும் பேசவும் ஹெல்மெட்டுக்குள் ஸ்பீக்கரும் மைக்கும் உள்ள புளூடூத் இன்டர்காம் செட் போட்டிருக்கிறேன். வேகம் 80 கிலோமீட்டரைத் தாண்டினால் பாட்டே கேட்பதில்லை. வால்யூம் முழுசாக வைத்தாயிற்று. வேறு ஸ்பீக்கர் வாங்கிவிடட்டுமா?

பதில்: காசை வீணாக்காதீர்கள் தம்பி. முதலில் இப்போதைய ஸ்பீக்கர் எங்கே ஒட்டியிருக்கிறது என்று பாருங்கள். ஹெல்மெட்டில் காதுக்கென்று ஒரு பள்ளம் இருக்கும். எல்லோரும் அதன் நடுவில் ஒட்டிவிடுகிறோம். நம் காதுத் துளை அங்கேதான் வரும் என்று என்ன நிச்சயம்? விரல் அகலம் தள்ளியிருந்தாலே போதும், பேஸ், அதாவது பாட்டின் கனமான அடி ஒலி, காணாமல் போய்விடும்.

ஹெல்மெட்டைப் போட்டு, பாட்டை ஓடவிட்டு, இரு பக்கமும் உள்ளங்கையால் அழுத்துங்கள். சத்தம் கூடினால் ஸ்பீக்கர் காதை விட்டு விலகி நிற்கிறது. பின்னால் ஒரு பேட் வைத்து நெருக்குங்கள். ஹெல்மெட்டை மேலும் கீழும் நகர்த்தும்போது கூடினால் இடமே தப்பு. காதை லேசாகத் தொட்டால் போதும். அழுத்தினால் ஒரு மணி நேரத்தில் காதுமடல் வலி உயிர் போகும். இடம் பத்தவில்லை என்று உள்ளேயிருக்கும் தெர்மாகோலை மட்டும் சுரண்டாதீர்கள். விழுந்தால் தலையைக் காப்பது அதுதான்.

கேள்வி: அதெல்லாம் செய்தும் 100 கிலோமீட்டர் வேகத்தில் கேட்கவில்லையே?

பதில்: அது காற்று. அந்த வேகத்தில் நல்ல ஹெல்மெட்டுக்குள்ளேயே இரைச்சல் 95 டெசிபெல்லைத் தொடும். அதை மீறிப் பாட்டு கேட்க ஒலியை 100 டெசிபெல்லுக்கு ஏற்றுவீர்கள். 85 டெசிபெல்லில் 8 மணி நேரம் இருக்கலாம், ஒவ்வொரு 3 டெசிபெல்லுக்கும் நேரம் பாதியாகும் என்பது அமெரிக்காவின் தொழில் பாதுகாப்பு ஆய்வு அமைப்பான நியாஷ் வைத்திருக்கும் கணக்கு. அப்படிப் பார்த்தால் 100 டெசிபெல்லுக்கு வெறும் கால் மணி நேரம்!

மெடிக்கலில் கிடைக்கும் ஃபோம் காதடைப்பானைப் போட்டுக்கொண்டு கேட்டுப் பாருங்கள். காதை அடைத்தால் எப்படிக் கேட்கும் என்று நானும் சிரித்தவன்தான். இரைச்சலில் காது திணறாததால் பேச்சு தெளிவாகவே பிரிந்து கேட்கிறது. இப்போது அது இல்லாமல் நான் வண்டியை எடுப்பதில்லை.

கேள்வி: நண்பரின் வேறு கம்பெனி செட்டோடு இணைத்ததும் பாட்டு பழைய டெலிபோன் மாதிரி ஆகிவிட்டது. ஈக்வலைசரில் சரிசெய்ய முடியுமா?

பதில்: முடியாது. புளூடூத்தில் பாட்டு ஸ்டீரியோவாக வருவது ஏ2டிபி வழியில். மைக் திறந்ததும் எச்எஃப்பி என்ற போன் அழைப்பு வழிக்கு மாறும், அது மோனோ, பேச்சுக்கு மட்டும் போதுமான தரம். வேறு கம்பெனி செட்டோடு இணைக்கும் யுனிவர்சல் இணைப்பில் உங்கள் செட் நண்பரின் செட்டை ஒரு போனாகத்தான் பார்க்கிறது, அதனால் வரும் வினை. பாட்டும் பேச்சும் சேர்ந்தே வேண்டுமென்றால் கூட்டத்தில் எல்லோரும் ஒரே கம்பெனி செட் வாங்குவதுதான் சுலபமான வழி.

கேள்வி: நான் பேசினால் நண்பருக்குக் காற்று மட்டும்தான் கேட்கிறதாம்.

பதில்: மைக் உதட்டோரம் ஒட்டி இருக்கிறதா? அதன் பஞ்சு உறை கிழிந்திருக்கிறதா? மைக்கில் குறி போட்ட பக்கம் வாயைப் பார்க்க வேண்டும். பிறகு வாக்ஸ், அதாவது குரல் கேட்டதும் மைக்கைத் தானாகத் திறக்கும் வசதி, அதன் உணர்திறனைக் குறையுங்கள். அதிகமாக இருந்தால் காற்றையே பேச்சு என்று எண்ணி மைக் திறந்துகொள்ளும். ஹைவேயில் வாக்ஸை அணைத்துவிட்டு பட்டனை அழுத்திப் பேசுவது இன்னும் நல்லது.

கேள்வி: கூகுள் மேப் குரல் மட்டும் முணுமுணுக்கிறது.

பதில்: மேப்பின் செட்டிங்கில் வழிகாட்டும் குரலுக்குத் தனி அளவு உண்டு, அதைக் கூட்டுங்கள். போனின் வால்யூமும் ஹெட்செட்டின் வால்யூமும் சில சமயம் தனித்தனி. போனை முழுக்க வைத்துவிட்டு ஹெட்செட்டில் மட்டும் கூட்டிக் குறையுங்கள்.

கேள்வி: பின்சீட்டில் மனைவி பேசுவதை மட்டும் குறைக்க வழி உண்டா அண்ணா?

பதில்: இன்டர்காம் வால்யூம் தனியாக இருக்கிறது தம்பி. ஆனால் குறைத்தது தெரிந்தால் நான் பொறுப்பில்லை.