80-ஐத் தாண்டினால் ஸ்டியரிங் உதறுகிறதா?

கேள்வி: ஆறு வருடம் ஓடிய ஹேட்ச்பேக். ஊருக்குள் ஒன்றும் தெரியாது, பைபாஸில் 80 தாண்டினால் ஸ்டியரிங் உதறுகிறது, 110-க்கு மேல் அடங்கிவிடுகிறது. அலைன்மென்ட் பார்த்தாயிற்று. ஷாக் அப்சார்பரை மாற்றச் சொல்கிறார் மெக்கானிக். மாற்றலாமா?
– வாசகர், திண்டுக்கல்

பதில்: அவசரப்படாதீர்கள். குறிப்பிட்ட வேகத்தில் தொடங்கி அதைத் தாண்டியதும் அடங்குகிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்களே, அது பெரும்பாலும் வீல் பேலன்சிங் கோளாறு. அலைன்மென்ட் கெட்டால் வண்டி ஒரு பக்கம் இழுக்கும், டயர் ஓரமாகத் தேயும். பேலன்சிங் வேறு சமாச்சாரம். சக்கரத்தில் ஒரு பக்கம் சில கிராம் கூடினாலும் சுற்றுக்கு ஒரு உதை விழும்; 85 கிலோமீட்டர் வேகத்தில் உங்கள் டயர் நொடிக்குப் பன்னிரண்டு தடவைக்கு மேல் சுற்றுகிறது, சஸ்பென்ஷனோடு சேர்ந்து சக்கரம் தானாகத் துள்ளும் வேகமும் கிட்டத்தட்ட அதே அளவு என்பதால்தான் அங்கே உதறல் பெருத்து, அப்புறம் குறைகிறது.

ரிம்மின் உள்பக்கம் குனிந்து பாருங்கள். பேலன்சிங்குக்காக ஒட்டியிருந்த எடைத்துண்டு விழுந்து பசைத் தடம் மட்டும் இருக்கலாம். நான்கு சக்கரத்தையும் பேலன்ஸ் செய்யச் சொல்லுங்கள், மெஷினில் சுற்றும்போது பக்கத்திலேயே நில்லுங்கள்: ரிம் மேலும் கீழும் ஆடினாலோ டயர் ஓரிடத்தில் புடைத்திருந்தாலோ எவ்வளவு எடை ஒட்டியும் பயனில்லை. டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண்ணும் இருக்கும், 2319 என்றால் 2019-இன் 23-ஆவது வாரம் செய்தது. உங்களுடையது வண்டியோடு வந்த டயர் என்றால் மாற்றும் காலம் வந்துவிட்டது, டயரின் பட்டன் (தரையைப் பிடிக்கும் மேடு) மிச்சமிருந்தாலும் சரி.

பிரேக் மிதிக்கும்போது மட்டும் உதறினால் டிஸ்க்கைப் பார்க்க வேண்டும். ஸ்டியரிங்கை விட சீட் அதிகம் ஆடினால் பின்சக்கரம்.

கேள்வி: மூன்று சிலிண்டர் கார். சிக்னலில் ஏசி ஓடும்போது நடுங்குகிறது. நாலு கதவிலும் டேம்பிங் ஷீட் ஒட்டினால் சரியாகும் என்கிறார்கள்.
– வாசகி, ஆவடி

பதில்: ஆகாது. ஷீட் கதவுத் தகரத்தின் அதிர்வொலியைத்தான் அடக்கும். மூன்று சிலிண்டரில் எஞ்சினின் இரு முனையும் மாறி மாறி எழும்பப் பார்க்கும், ஐடிலில் ஏசி கம்ப்ரஸரும் சேர்ந்தால் கொஞ்சம் தெரியத்தான் செய்யும். வாங்கிய நாளிலிருந்து இப்படியா, சமீபத்தில் கூடியதா? கூடியிருந்தால், ரிவர்ஸ் எடுக்கும்போது 'டொக்' என்று இடிக்கவும் செய்தால், எஞ்சினைத் தாங்கிப் பிடிக்கும் மவுண்ட் ரப்பர் போயிருக்கலாம். ஷீட்டுக்கு வைத்த பணத்தை அதற்குச் செலவழியுங்கள்.