கிடங்கில் விழுந்த கார்: காசை யாரிடம் கேட்பது?

மழை தொடங்கினதும் றோட்டுக் கிடங்குகளில், அதாவது பள்ளங்களில், விழுந்து ரயர் வெடிச்சது, றிம் வளைஞ்சது என்று நிறையப் பேர் எழுதியிருக்கிறீர்கள். வாகனக் காப்புறுதி மதிப்பீட்டு வேலையில் இருந்த ஆள் என்பதால் தெரிந்ததைச் சொல்கிறேன். ஒரே மாதிரியான கேள்விகளை ஒன்றாக்கிவிட்டேன்.

அண்ணை, இரவு மழைக்குள் தண்ணி நின்ற கிடங்கு தெரியவில்லை. அக்குவா காரின் முன் றிம் வளைந்து லோவர் ஆமும் (சில்லைத் தாங்குகிற கீழ்க் கை) போய்விட்டது. எங்கே போய்க் கேட்பது? (கொக்குவில்)

முதலில் அந்த றோட்டு யாருடையது என்று பாருங்கள் தம்பி. ஏ, பீ தர வீதிகள், அதாவது ஏ9 கண்டி வீதி, நாவற்குழியால் மன்னார் போகும் ஏ32 மாதிரியானவை, வீதி அபிவிருத்தி அதிகார சபையின் பொறுப்பு. சீ, டீ தரம் மாகாண வீதி அபிவிருத்தித் திணைக்களத்தினுடையது. மிச்ச உள்வீதி, ஒழுங்கை எல்லாம் அந்தந்த மாநகர, நகர, பிரதேச சபைகளுக்கு. பெயரைப் பார்த்தும் ஏமாறக்கூடாது. நல்லூர்க் கோயிலடி யாழ்ப்பாண மாநகர சபைக்குள் இருக்கிறது, நல்லூர் பிரதேச சபை வேறு, உங்கள் கொக்குவில் பக்கம் அதற்குள்தான் வரும். பிழையான கந்தோருக்குக் கடிதம் கொடுத்தால் அது மேசை மேசையாய்ச் சுற்ற, உங்கள் நாள்தான் போகும்.

சந்தேகம் என்றால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் ஒரு விண்ணப்பம் போடுங்கள். 14 வேலை நாளுக்குள் தகவல் தருவதா இல்லையா என்று முடிவு சொல்லவேண்டும். இரண்டு விஷயம் கேளுங்கள்: வீதி யாருடைய பராமரிப்பில் இருக்கிறது, அந்தக் கிடங்கைப் பற்றி முன்னமே யாராவது முறைப்பாடு கொடுத்தார்களா. இரண்டாவதுதான் முக்கியம். கிடங்கு இருந்தது என்பது மட்டும் காணாது, அவர்கள் தெரிந்தும், அல்லது தெரிந்திருக்க வேண்டியும், கவனிக்காமல் விட்டார்கள் என்று நீங்கள்தான் காட்டவேண்டும்.

என்னென்ன ஆதாரம் வேணும்? போனில் நாலு படம் எடுத்து வைத்திருக்கிறேன். (சங்கானை)

நாலும் ரயரைக் கிட்டத்தில் எடுத்த படம் என்றால் பிரயோசனம் குறைவு அக்கா. காரும் கிடங்கும் ஒரே படத்தில் வரவேண்டும், பக்கத்துக் கடைப் பலகையோ மின்கம்பமோ தெரிந்தால் இன்னும் நல்லது. தண்ணி வற்றின பிறகு திரும்பப் போய் கிடங்குக்குள் அளவு நாடாவைப் பிடித்து ஆழத்தை எடுங்கள். நாடா இல்லையா, பிள்ளையின் அடிமட்டம் போதும். ஆனால் கிரவல் கொட்டி மூடமுன் போங்கள், படம் எடுத்த மறுநாளே மூடுகிற கெட்டித்தனமும் இருக்கிறது.

பொலிசில் முறைப்பாடு போட்டுப் பிரதி எடுங்கள். கராஜில் கழற்றின பழைய சாமானை விட்டுவிட்டு வராதீர்கள். எஸ்டிமேற்றில் அடிபட்டதால் மாற்றினது வேறு, தேய்ந்து போனதால் மாற்றினது வேறு என்று பிரித்து எழுதச் சொல்லுங்கள். வளைந்த லோவர் ஆமோடு பழைய புஷ், பிறேக் பாட் எல்லாத்தையும் ஒரே பில்லில் போட்டால், அந்த ஒன்றைப் பிடித்தே முழுக் கோரிக்கையையும் தட்டிவிடுவார்கள்.

வேகமாய் வந்தது உன் பிழை என்று சொல்ல மாட்டார்களா? (சாவகச்சேரி)

சொல்வார்கள், வேறென்ன சொல்ல. ஆனால் உங்களிலும் பிழை இருந்தால் கோரிக்கை அடியோடு போய்விடாது. 1968ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டப்படி உங்கள் பங்குக்கு ஏற்றபடி தொகை குறையும், அவ்வளவுதான். மொட்டை ரயரோடு ஓடியிருந்தால் இன்னும் அதிகமாய்க் குறையும். இதற்குள் தேசவழமை, அதாவது யாழ்ப்பாணத் தமிழரின் வழக்குச் சட்டம், வருமா என்று ஒருவர் கேட்டிருந்தார். வராது ஐயா, அது காணி, சொத்து, சீதனத்தோடு நிற்கும். இது ரோமன் டச்சுச் சட்டம்.

புல் இன்சூரன்ஸ் இருக்கு. அதில் எடுப்பதா, சபையிடம் கேட்பதா? (மானிப்பாய்)

சேதம் பெரிது என்றால் இன்சூரன்ஸ்தான், யோசிக்காதீர்கள். காரை நகர்த்தமுன் அவர்களுக்குப் போன் பண்ணுங்கள். சின்னச் சேதம் என்றால் நோ கிளெய்ம் போனசில் (கோரிக்கை போடாமல் இருந்ததற்குக் கட்டணத்தில் தரும் கழிவு) எவ்வளவு போகும் என்று கணக்குப் பாருங்கள். ஒரு ரயருக்காக அதை இழப்பது விசர் வேலை. பெரும்பாலான பொலிசிகளில் ரயர் மட்டும் சேதப்பட்டால் தரவும் மாட்டார்கள். தேர்ட் பார்ட்டி, அதாவது மற்றவருக்கு வரும் சேதத்துக்கான காப்புறுதி, மட்டும் வைத்திருப்பவர்களுக்கு இன்சூரன்ஸ் பக்கம் ஒன்றும் இல்லை.

குழாய் தாட்கத் தோண்டிவிட்டுச் சும்மா மண் போட்டு மூடிப் போனார்கள். சில்லு புதைந்து பம்பர் உடைந்தது. (சுன்னாகம்)

இது கிடங்கு வழக்கைவிட லேசு. தோண்டினவர் யார் என்று தெரியும், எச்சரிக்கைப் பலகை, நாடா, இரவு விளக்கு இல்லாததைப் படத்தில் காட்டலாம். கொந்தராத்துக்காரருக்கும் வேலையைக் கொடுத்த நிறுவனத்துக்கும் சேர்த்தே எழுதுங்கள், ஒருவர் மற்றவரைக் கை காட்ட இடம் வைக்காதீர்கள். கொந்தராத்துக்காரர் தனியார், தொகையும் சின்னது என்றால் கோட்டுக்கு முன் மத்தியஸ்த சபைக்குப் போகவேண்டி வரும். அங்கே முடிந்தாலே லாபம்.

எவ்வளவு காலத்துக்குள் கேட்கவேண்டும்? (கோப்பாய்)

பொதுவாக இப்படியான நட்டத்துக்கு இரண்டு வருடம். அதை நம்பி இருக்காதீர்கள். உள்ளூராட்சிச் சபைக்கு எதிராக என்றால் காலக்கெடு மாதக் கணக்கில்தான், அதற்குள் வழக்குக்கு ஒரு மாதம் முன்னதாக எழுத்தில் அறிவித்தலும் கொடுக்கவேண்டும். ஆகவே கடிதத்தை அந்தக் கிழமையே பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டுத் தபால் பற்றுத் துண்டைப் பத்திரமாய் வையுங்கள். பதில் வராவிட்டால் உடனே சட்டத்தரணி ஒருவரைப் பாருங்கள். ஒரு றிம்முக்காகக் கோட்டுக்கு ஏறச் சொல்லி நான் யாருக்கும் சொல்வதில்லை, எஞ்சின் சம்ப் (அடியில் உள்ள ஒயில் தட்டு) உடைந்து ஒயில் ஓடி எஞ்சின் இறுகினது என்றால் கதை வேறு.